வீடு மாறும்போது முகவரி மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மின்னஞ்சலும் ஆப்பும் வந்த பிறகு தபாலில் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வரும் தாள் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் இன்றைக்கும் தபாலில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்: புதிய ஏடிஎம் கார்டு, வருமான வரி நோட்டீஸ், நீதிமன்ற சம்மன், பாலிசி காலாவதியாகப் போகிறது என்ற எச்சரிக்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை. சின்ன விஷயமெல்லாம் போனுக்குப் போய்விட்டது. தவறவிடவே கூடாதது தபாலில் தங்கிவிட்டது.

அதோடு, "கடிதம் என் கைக்கு வரவே இல்லை" என்று சொன்னால் எல்லா இடத்திலும் எடுபடாது. இந்தியாவில் 1897ஆம் ஆண்டின் ஜெனரல் க்ளாசஸ் ஆக்ட், 27ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிய ஆவணம், வேறு விதமாக நிரூபிக்காதவரை, போய்ச் சேர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். பிரிட்டனில் 1978ஆம் ஆண்டின் இன்டர்பிரிட்டேஷன் ஆக்ட், 7ஆவது பிரிவும் இதே போக்கில் போகிறது. அமெரிக்காவில் வரித்துறை தனக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு வரி பாக்கி நோட்டீஸை அனுப்பினால் போதும். நீங்கள் அதைக் கண்ணால் பார்க்காவிட்டாலும், வரி நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு இருக்கும் 90 நாள் அவகாசம் ஓடத் தொடங்கிவிடும்.

இதனால்தான் முகவரி மாற்றத்தைச் சாமான் ஏற்றுவதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறேன். ஒரே நாளில் உட்கார்ந்து முடிக்கிற வேலை இல்லை இது. ஒன்றை மாற்றினால்தான் இன்னொன்றை மாற்ற முடியும் என்ற வரிசை ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த வரிசை தெரிந்துவிட்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில், உங்கள் முகவரி யார் யாரிடம் இருக்கிறது?

மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பட்டியல் போட ஆரம்பியுங்கள். ஞாபகத்திலிருந்து மட்டும் எழுதாதீர்கள். ஞாபகத்தில் இருப்பது அடிக்கடி தொடர்பில் இருப்பவர்கள்தான். வருடத்துக்கு ஒருமுறை கடிதம் போடுகிறவர்தான் விட்டுப்போவார், அவர் அனுப்புவதுதான் முக்கியமானதாகவும் இருக்கும்.

நான் நம்புகிற வழி வங்கி ஸ்டேட்மென்ட். எல்லாக் கணக்குகளுக்கும், எல்லா கிரெடிட் கார்டுகளுக்கும் கடைசி 13 மாத ஸ்டேட்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள். 12 போதாதா என்றால், வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிற தொகை சில சமயம் ஒரு வாரம் முன்னே பின்னே போயிருக்கும், அதைப் பிடிக்கத்தான் அந்தக் கூடுதல் மாதம். வரி வரியாகப் பாருங்கள். இன்சூரன்ஸ் பிரீமியம், சந்தா, உறுப்பினர் கட்டணம், லாக்கர் வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம் என்று பணம் போன ஒவ்வொரு இடத்திலும் உங்கள் முகவரி இருக்க வாய்ப்பு உண்டு. பணம் வந்த இடங்களையும் விடாதீர்கள். டிவிடெண்ட், வட்டி, ஓய்வூதியம், வரி ரீஃபண்ட் இதெல்லாம் அந்தப் பக்கம்தான் தெரியும்.

அடுத்து மின்னஞ்சல். தேடும் பெட்டியில் உங்கள் இப்போதைய தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பிறகு பின்கோடைப் போட்டுத் தேடுங்கள். ரசீது, டெலிவரித் தகவல், பாலிசி நகல் எல்லாம் தானாக வந்து நிற்கும். கூடவே, இந்த ஒரு மாதமும் வீட்டுக்கு வருகிற உறைகளை எறியாமல் ஒரு பையில் போட்டுவையுங்கள். உறையின் பின்பக்கம் அனுப்பியவர் முகவரி இருக்கும், உள்ளே வாடிக்கையாளர் எண் இருக்கும். முகவரி மாற்றப் போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பட்டியலை நோட்டில் எழுதினாலும் சரி, போனில் எழுதினாலும் சரி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் நான்கு இடம் விடுங்கள்: வாடிக்கையாளர் எண், மாற்றச் சொன்ன தேதி, அவர்கள் கொடுத்த ஒப்புகை எண், புதிய வீட்டுக்கு முதல் கடிதம் வந்த தேதி. கடைசி இடம் நிரம்பும்வரை அந்தப் பெயரை அடிக்காதீர்கள்.

புதிய முகவரியை ஒரே மாதிரி எழுதிவையுங்கள்

பார்க்கச் சின்ன வேலை. ஆனால் பின்னால் வரும் பாதிச் சிக்கல் இங்கேதான் முளைக்கிறது.

புதிய வீட்டின் முகவரியை முழுதாக, ஒரே வடிவத்தில் ஒரு இடத்தில் எழுதிக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஒரு படிவத்தில் "2ஆவது குறுக்குத் தெரு" என்றும், இன்னொன்றில் "இரண்டாம் குறுக்குச் சந்து" என்றும், வேறொன்றில் கட்டடத்தின் பெயர் மட்டும் என்றும் எழுதினால், பிறகு ஒரு ஆவணத்தை இன்னொன்றுக்கு ஆதாரமாகக் கொடுக்கும்போது "இரண்டும் பொருந்தவில்லை" என்று திருப்பிவிடுவார்கள். கவுன்டரில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே வீடுதான் என்று புரிந்தாலும், கணினி அதை ஏற்றுக்கொள்ளாது.

ஜன்னல் வைத்த உறை ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். முகவரி தெரிகிற அந்தக் கண்ணாடித் தாளுக்குள் நான்கைந்து வரிக்குத்தான் இடம், ஒவ்வொரு வரிக்கும் இத்தனை எழுத்து என்ற கட்டுப்பாடும் உண்டு. நீங்கள் முதல் வரியில் கட்டடத்தின் நீளமான பெயரை எழுதி, அதன் முடிவில் "பிளாக் சி, 3ஆவது மாடி, கதவு எண் 12" என்று சேர்த்தால், அச்சாகும்போது வெட்டுப்படுவது அந்தக் கதவு எண்தான். உறையில் கட்டடத்தின் பெயர் அழகாக இருக்கும். ஆனால் தபால்காரர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் கீழேயே வைத்துவிட்டுப் போவார். அதனால் கதவு எண்ணை வரியின் தொடக்கத்தில் போடுங்கள். கட்டடப் பெயர் வெட்டுப்பட்டால்கூடக் கடிதம் வந்துவிடும்.

பின்கோடு எவ்வளவு வேலை செய்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் 6 இலக்க எண் ஒரு கட்டடத்தையே குறிக்கிறது. ஒரு இலக்கம் பிசகினால் கடிதம் வேறு கட்டடத்துக்குப் போய்விடும். இந்தியாவில் 1972இல் வந்த பின்கோடும் 6 இலக்கம்தான், ஆனால் அது உங்கள் பகுதிக்குத் தபால் பட்டுவாடா செய்கிற அஞ்சலகத்தைத்தான் காட்டும். அங்கிருந்து வீடு வரை தெருவும் கதவு எண்ணும்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இரண்டு பகுதிகளின் எல்லையில் வீடு இருந்தால், பக்கத்து வீட்டு நேம்போர்டைப் பார்த்து எழுதாமல், உங்களுக்குத் தபால் கொண்டுவருகிற அஞ்சலகத்திலேயே பின்கோடைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டிய குடியிருப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. இணையப் படிவத்தில் பின்கோடைப் போட்டதும் வரும் பட்டியலில் உங்கள் கட்டடமே இருக்காது. அந்தத் தகவல் பெரும்பாலும் தபால் துறையின் பதிவிலிருந்தோ உள்ளாட்சியின் பதிவிலிருந்தோ வருகிறது. குடிபோவதற்கு முன்பே கட்டியவரிடம் "முகவரி பதிவாகிவிட்டதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

தபாலைத் திருப்பிவிடச் சொல்லுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள்

பழைய முகவரிக்கு வருகிற தபாலைப் புதிய வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. பிரிட்டனின் ராயல் மெயிலில் 3, 6 அல்லது 12 மாதத்துக்குக் கட்டணம் கட்டி வாங்கலாம். அமெரிக்கத் தபால் துறை முதல் வகுப்புக் கடிதங்களை 12 மாதமும், பத்திரிகைகளை 60 நாளும் திருப்பிவிடுகிறது. மற்ற இடங்களில் உள்ளூர் அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்தும், தபால்காரரிடம் நேரில் சொல்லியும் ஏற்பாடு செய்யலாம். மாறுகிற நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்தச் சேவை எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் கொரியர்காரர்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை, பார்சல் பழைய வீட்டு வாசலுக்குத்தான் போகும். சில உறைகளின் மேல் "திருப்பிவிடக் கூடாது, அனுப்பியவருக்கே அனுப்பவும்" என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். வங்கிக் கார்டு, அரசு உதவித்தொகை, தேர்தல் தபால் போன்றவற்றை இப்படி அனுப்புவது வழக்கம். திருப்பிவிடும் சேவை ஓடிக்கொண்டிருந்தாலும் அவை உங்களிடம் வராது. முக்கியமான கடிதங்களிலேயே இந்த விலக்கு அதிகம் இருப்பதால்தான், "ஒரு வருஷத்துக்குத் திருப்பிவிடச் சொல்லிவிட்டேன், இனி கவலை இல்லை" என்று இருந்துவிடக் கூடாது.

விண்ணப்பம் வீட்டில் ஒருவர் பெயருக்கா, எல்லோருக்குமா என்று பார்த்து நிரப்புங்கள். குடும்பப் பெயரை வைத்து எல்லோரையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கிற முறை சில நாடுகளில் உண்டு. நம்மில் கணவன், மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் கடிதம் வரும், மற்றவர் கடிதம் பழைய வீட்டிலேயே கிடக்கும்.

விண்ணப்பித்ததும் பழைய முகவரிக்கும் ஒரு உறுதிக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். வேறு யாராவது உங்கள் தபாலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மாறாக, நீங்கள் எந்த விண்ணப்பமும் போடாதபோது அப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே தபால் துறைக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

திருப்பிவிட்ட கடிதங்களில் பொதுவாக ஒரு ஸ்டிக்கரோ முத்திரையோ இருக்கும். அதைப் பார்த்தால், "இவருக்கு இன்னும் பழைய முகவரிதான் தெரியும்" என்று பொருள். பெயரைப் பட்டியலில் சேருங்கள். என்னைக் கேட்டால், இந்தச் சேவைக்குக் கட்டுகிற பணம் இதற்காகவே தகும்.

அரசு ஆவணங்கள்: எது முதலில்?

வங்கிக்குப் போனால் அடையாள அட்டையில் புதிய முகவரி வேண்டும் என்பார்கள். அடையாள அட்டையை மாற்றப் போனால் வங்கி ஸ்டேட்மென்டோ கரண்ட் பில்லோ புதிய முகவரியில் வேண்டும் என்பார்கள். இந்த வட்டத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் உடைத்தாக வேண்டும். உடைக்க உதவுவது உங்கள் கையிலேயே இருக்கிறது: வாடகை ஒப்பந்தம் அல்லது கிரயப் பத்திரம். குடிபோகும் முன்பே உங்களிடம் இருக்கிற, புதிய முகவரி போட்ட ஆவணம் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே உங்கள் பெயரின் எழுத்துகளும் இனிஷியலும் அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்கின்றனவா, முகவரி நீங்கள் எழுதிவைத்த வடிவத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்கு அது ஆதாரமாகாமல் போகலாம். கணவன், மனைவி இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லிக் கேட்பது நல்லது. மின்சாரம், எரிவாயு, இணைய இணைப்பு மூன்றையும் ஒருவர் பெயரிலேயே எடுக்காமல் பிரித்து எடுத்தால் இரண்டு பேருக்கும் ஒரு பில்லாவது கிடைக்கும்.

அந்த ஒப்பந்தத்தை வைத்து முதலில் மாற்ற வேண்டியது, உங்கள் நாட்டில் மற்ற எல்லோரும் ஏற்றுக்கொள்கிற தாய் ஆவணத்தை. இந்தியாவில் அது ஆதார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தேசிய அடையாள அட்டை. ஜெர்மனியில் குடியிருப்புப் பதிவு. அது மாறிவிட்டால் வங்கி, பாலிசி, சிம் கார்டு என்று மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சில இடங்களில் சட்டமாகவே இருக்கிறது. ஜெர்மனியில் குடிவந்த 2 வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்காரரிடமிருந்து நீங்கள் குடிவந்ததை உறுதிப்படுத்தும் தாளும் வேண்டும். ஜப்பானில் 14 நாள். சிங்கப்பூரில் 28 நாள். மலேசியாவில் 30 நாள். அமெரிக்காவில் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர்கள், சில விலக்குகள் தவிர, 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசாவில் இருப்பவர்கள் எந்த நாடாக இருந்தாலும் இதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வேலை தருபவர் மாற்றிவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள். பொறுப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு ஆவணம் என்பது அடிக்கடி மறந்துபோகும். ஓட்டுநர் உரிமம் ஒன்று, வண்டியின் பதிவுச் சான்று இன்னொன்று. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறிவிடும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. போக்குவரத்து விதிமீறல் நோட்டீஸ் அந்தப் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும்.

வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். இந்தியாவில் படிவம் 8 கொடுத்தால் தொகுதிக்குள்ளேயே மாறினாலும், வேறு தொகுதிக்குப் போனாலும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். தேர்தல் அறிவித்த பிறகு பட்டியலைத் திருத்தக் கடைசித் தேதி நெருங்கிவிடும், அதனால் குடிபோன மாதமே கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் முகவரி அச்சிட்டிருந்தால் அதைத் திருத்தித் தரமாட்டார்கள், புதிய பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டியிருக்கும். முகவரியே அச்சிடாத நாடுகளில் இந்த வேலையே இல்லை.

வரித்துறைக்குத் தனியாகச் சொல்லுங்கள். அடுத்த வருடக் கணக்குத் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், இடையில் வருகிற நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும். அதன் விளைவை மேலே பார்த்தோம்.

வங்கி: ஒரே வங்கியில் பல முகவரி

வங்கியில் முகவரியை மாற்றிவிட்டேன், ஆனாலும் கார்டு பழைய வீட்டுக்கே போய்விட்டது என்று சொல்பவர்கள் நிறைய. வங்கி வேண்டுமென்று செய்வதில்லை. ஒரே வாடிக்கையாளருக்கு அவர்களிடம் நிரந்தர முகவரி ஒன்று, கடிதப் போக்குவரத்து முகவரி ஒன்று இருக்கும். கிரெடிட் கார்டு வேறு கணினியில் இருந்தால் அங்கே ஒரு முகவரி. வீட்டுக் கடன் இருந்தால் அந்தப் பிரிவில் இன்னொன்று. ஆப்பில் நீங்கள் மாற்றியது இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

அதனால் "முகவரியை மாற்றுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், இப்படி எழுதிக் கொடுங்கள்: "என் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, கடன், லாக்கர் ஆகிய அனைத்திலும் நிரந்தர முகவரியையும் கடிதப் போக்குவரத்து முகவரியையும் கீழ்க்கண்டவாறு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றிய பிறகு ஒவ்வொன்றுக்கும் உறுதிப்படுத்தவும்." கூட்டுக் கணக்கு இருந்தால் மற்றவரும் தன் பெயரில் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் மாற்றினால் இருவருக்கும் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள்.

கார்டின் மேல் இருக்கும் காலாவதி மாதத்தைப் பாருங்கள். புதிய கார்டை அந்த மாதத்துக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள், சில வங்கிகள் சில வாரங்களுக்கு முன்பே. உங்கள் கார்டு இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது என்றால் வங்கியைப் பட்டியலின் மேலே கொண்டுவாருங்கள். முகவரி மாற்றிய உடனே புதிய கார்டு கேட்டால் சில வங்கிகள் சில நாள் நிறுத்திவைக்கும். மோசடிக்காரர்கள் செய்வதும் இதே வரிசைதான், முதலில் முகவரி, உடனே கார்டு. அதனால்தான் அந்தத் தாமதம்.

முகவரியையும் போன் எண்ணையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். ஊர் மாறும்போது சிம்மையும் மாற்றத் தோன்றும். முகவரி மாற்றத்தை உறுதி செய்கிற ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். எல்லா முகவரியும் மாறி, கடிதம் வரத் தொடங்கிய பிறகு எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸும் முதலீடும்

வீட்டு இன்சூரன்ஸிலும் வண்டி இன்சூரன்ஸிலும் முகவரி என்பது வெறும் தபால் விவரம் கிடையாது, ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. எந்தப் பகுதியில் வண்டி நிற்கிறது, எந்தக் கட்டடத்தில் சாமான்கள் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் பல நிறுவனங்கள் பிரீமியம் கணக்கிடுகின்றன. பழைய வீட்டுச் சாமான்களுக்கு எடுத்த பாலிசி புதிய வீட்டில் திருடு போனால் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். மாறுகிற நாளுக்கு முன்பே போன் செய்து, எந்தத் தேதியிலிருந்து புதிய முகவரிக்குப் பாதுகாப்பு தொடங்கும், சாமான் வழியில் இருக்கும் நாளுக்கு உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள்.

ஆயுள் காப்பீடு, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் இவற்றில் ஆபத்து மெதுவாக வரும். கடிதம் திரும்பத் திரும்பப் பழைய முகவரியிலிருந்து திரும்பி வந்தால், அனுப்புகிறவர் ஒரு கட்டத்தில் அனுப்புவதையே நிறுத்திவிடுவார். பிறகு அந்தக் கணக்கு ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கும். இந்தியாவில் ஒரு நிறுவனம் கொடுத்த டிவிடெண்ட் 7 ஆண்டு வாங்கப்படாமல் இருந்தால் அந்தப் பணம் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெற வழி உண்டு, ஆனால் தாள்களோடு வெகுதூரம் நடக்க வேண்டும். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கில் முகவரியை மாற்றினால் அதில் உள்ள பங்குகளுக்கெல்லாம் சேர்த்து மாறும். அலமாரியில் காகிதச் சான்றிதழாக இன்னும் பங்கு இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் பதிவாளருக்குத் தனியாக எழுத வேண்டும். வயதான பெற்றோரின் பழைய முதலீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் தொலைகின்றன. அவர்களும் உங்களோடு மாறுகிறார்கள் என்றால் அவர்களுக்கென்று தனிப் பட்டியல் போடுங்கள்.

மற்றவை, வேகமாக

வேலை செய்யும் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்ட பழைய நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டும், வரிச் சான்றும் ஓய்வூதியக் கடிதமும் அங்கிருந்து வரலாம். குழந்தையின் பள்ளி, குடும்ப மருத்துவர், பரிசோதனைக் கூடம், பல் மருத்துவர், நூலகம், வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவு.

இணையக் கடைகளில் புதிய முகவரியைச் சேர்த்தால் மட்டும் போதாது, பழையதை அழித்துவிடுங்கள். அவசரத்தில் கை பழைய இடத்தைத்தான் தொடும். போனிலும் பிரவுசரிலும் படிவங்களைத் தானாக நிரப்புகிற முகவரி ஒன்று இருக்கும். அதை மாற்றாவிட்டால் புதிதாக நிரப்புகிற படிவத்திலும் பழைய முகவரியே போய் உட்காரும்.

ஒன்றை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் வைஃபை வழியாக அழைக்கும் வசதியைப் போனில் திறக்கும்போது ஒரு அவசர கால முகவரியைக் கேட்டுப் பதிந்துகொள்வார்கள். இணையம் வழி ஓடும் வீட்டுப் போனுக்கும் அப்படித்தான். ஆபத்தில் நீங்கள் அழைத்துப் பேச முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் அந்த முகவரிக்குப் போகக்கூடும். பெரியவர்கள் கழுத்தில் அணிகிற அவசர அழைப்பு பட்டனுக்கும், வீட்டு அலாரத்துக்கும் இது பொருந்தும். குடிபோன முதல் நாளே மாற்ற வேண்டியவை இவைதான்.

மற்றவர்கள் தாளில் இருக்கும் நீங்கள்

நம் பட்டியலில் வராத முகவரிகளும் உண்டு. நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் தவணை தவறும்போது நோட்டீஸ் உங்களுக்கும் வரும், நீங்கள் அன்று கொடுத்த முகவரிக்கு. அண்ணன் பாலிசியில் நாமினியாக இருந்தால், காப்பீட்டு நிறுவனம் உங்களைத் தேடுவதும் அந்த முகவரியில்தான். உயிலில் நிறைவேற்றுபவராக, அறக்கட்டளையில் உறுப்பினராக, நிறுவனத்தில் இயக்குநராக இருப்பவர்களுக்கும் இதேதான். கூடப்பிறந்தவர்கள், நெருங்கிய நண்பர்கள் என்று ஒவ்வொருவரிடமும் "என் பெயரும் முகவரியும் உங்கள் தாள் எதிலாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

முகவரி வெளியே தெரியக் கூடாது என்றால்

வன்முறையிலிருந்து தப்பி வீடு மாறுகிறவர்களுக்கு மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. கூட்டுக் கணக்கில் புதிய முகவரியைப் போட்டால் அடுத்த ஸ்டேட்மென்டில் அது மற்றவர் கண்ணில் படும். குடும்ப மொபைல் கணக்கு, பிள்ளையின் பள்ளிப் பதிவு, ஒரே லாகினில் இருக்கும் ஷாப்பிங் ஆப், பகிர்ந்த கூகுள் கணக்கு எல்லாம் அப்படித்தான். முதலில் தனி மின்னஞ்சல், தனி வங்கிக் கணக்கு, தபாலுக்கு அஞ்சல் பெட்டியோ நம்பிக்கையான ஒருவரின் முகவரியோ. அதன் பிறகுதான் மற்றவை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப்பட்டவர்களுக்கு அரசே ஒரு மாற்று முகவரி கொடுத்து, அங்கே வரும் தபாலை உண்மையான வீட்டுக்கு அனுப்பிவைக்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் நாட்டில் உள்ள பெண்கள் உதவி மையத்திலோ சட்ட உதவி மையத்திலோ இதைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பொதுப் பதிவேடுகளைத் தொடுங்கள்.

பழைய வீட்டில் என்ன செய்துவிட்டு வர வேண்டும்

வீட்டுக்காரரிடமும், அடுத்துக் குடிவருபவரிடமும் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து, கடிதம் வந்தால் பிரிக்காமல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறையைப் பார்த்தாலே யார் அனுப்பியது என்று தெரிந்துவிடும், போய் வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டாரோடு நல்ல பழக்கம் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். புதிய முகவரியைத் தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிட்டு வராதீர்கள்.

புதிய வீட்டிலும் முன்பு இருந்தவருக்குக் கடிதம் வரும். அதைப் பிரிக்காதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். "இவர் இந்த முகவரியில் இல்லை, அனுப்பியவருக்குத் திருப்பவும்" என்று உறையில் எழுதித் தபாலிலேயே போட்டுவிடுங்கள். அவர் பெயரில் கடன் வசூல் கடிதங்கள் தொடர்ந்து வந்தால், உங்கள் வாடகை ஒப்பந்தத்தின் நகலை இணைத்து, அவர் இப்போது இங்கே இல்லை என்று அனுப்புகிற நிறுவனத்துக்கு ஒருமுறை எழுதுவது நல்லது.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

திரையில் "வெற்றிகரமாக மாற்றப்பட்டது" என்று வந்தால் அதை நம்பி மூடிவிடாதீர்கள். அன்றைக்கே லாகின் செய்து, ஸ்டேட்மென்டையோ பாலிசி நகலையோ புதிதாக டவுன்லோடு செய்து, அதில் அச்சாகியிருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ப்ரொஃபைல் பக்கத்தில் சரியாக இருந்து, ஸ்டேட்மென்டில் பழையதே நிற்பது உண்டு.

குடிபோன முதல் வாரத்தில் உங்களுக்கே ஒரு சாதாரணத் தபால் போட்டுப் பாருங்கள். வந்து சேர்ந்தால் முகவரி எழுதிய விதம் சரி. கதவில் எண்ணும், கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள். பெட்டியில் பழைய குடித்தனக்காரரின் பெயர் ஒட்டியிருந்தால் புதிதாக வந்த தபால்காரர் உங்கள் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம்.

மூன்று மாதம் கழித்துப் பட்டியலை எடுத்து, முதல் கடிதம் வந்த தேதி இன்னும் நிரம்பாத பெயர்களுக்குத் திரும்ப எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதுகிறவர்களுக்காக அதைப் பதிமூன்றாவது மாதம் இன்னொரு முறை பாருங்கள். திருப்பிவிடும் சேவை முடிகிற தேதியைப் போனில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டலாக வைத்துவிடுங்கள். அதற்குள் ஸ்டிக்கர் ஒட்டிய கடிதம் வருவது நின்றிருந்தால் சேவையை விட்டுவிடலாம், நிற்கவில்லை என்றால் நீட்டித்துக்கொள்ளுங்கள்.

பழைய வாடகை ஒப்பந்தத்தையும், அந்த முகவரி போட்ட பில் ஒன்றிரண்டையும் கிழித்துப் போடாதீர்கள். எந்த வீட்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவற்றோடு வையுங்கள். கனடாவின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் கடந்த 10 ஆண்டில் இருந்த முகவரிகளைக் கேட்கிறது, அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம் 5 ஆண்டு. வேலைக்குச் சேரும்போது நடக்கும் சரிபார்ப்பிலும் முந்தைய முகவரிகளைத் தேதியோடு கேட்பார்கள்.